தொகுத்தவர் யார்? — அலபாமா மாநிலத்துத் தேர்தல் தொகுதிகளின் கதை

தொகுதி என்னும் சொல் புலவர்க்கும் பொது, ஆட்சியாளர்க்கும் பொது. கவிதைகளைத் திரட்டி நூலாக்கினால் அது கவிதைத் தொகுதி. மக்களைத் திரட்டி ஓர் எல்லைக்குள் வைத்தால் அது தேர்தல் தொகுதி. எட்டுத்தொகையைப் போற்றிக் காத்த நம் முன்னோர், பாடிய புலவர்தம் பெயரோடு நிறைவு கொள்ளவில்லை. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் குறித்து வைத்தனர். எது உள்ளே வந்தது, எது வெளியே நின்றது என்பதை முடிவு செய்தவர் யார் என்று பின்வருவோர் கேட்பர் என அவர்கள் எண்ணினர் போலும்.

அதே கேள்வியைத் தேர்தல் தொகுதியை நோக்கியும் எழுப்பலாம். வாக்கைப் பற்றிப் பேசுகிறோம். வாக்குரிமையைப் பற்றிப் பேசுகிறோம். அந்த வாக்கு எந்தக் கோட்டுக்குள் விழுகிறது, அந்தக் கோட்டைக் கிழித்தவர் யார் என்பதை அரிதாகவே பேசுகிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தின் வரலாறு, அக்கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உரத்துக் கேட்ட வரலாறு.

கரிசல் நிலமும் பருத்தியும்

அலபாமாவின் நடுவே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பட்டை போல் கரிய மண் படிந்து கிடக்கிறது. அம்மண்ணின் நிறத்தால் அப்பகுதிக்குக் கரும்பட்டை என்று பெயர். நம் கரிசல் காட்டைப் போலவே அதுவும் பருத்தி விளைந்த பூமி. பருத்திக்காக அடிமைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். ஆகவே மண்ணின் பெயராக இருந்தது நாளடைவில் அங்கு வாழும் மக்களின் பெயராகவும் ஆயிற்று. அப்பகுதிக் கவுண்டிகளிற் பலவற்றில் கறுப்பின மக்களே பெரும்பான்மையினர். (கவுண்டி என்பது நம் மாவட்டத்தை ஒத்த, ஆனால் பெரும்பாலும் அதனினும் சிறிய, ஆட்சிப் பிரிவு. அலபாமாவில் 67 கவுண்டிகள் உள்ளன.)

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பின், சில ஆண்டுகள் இம்மக்கள் வாக்களித்தனர்; வென்றும் காட்டினர். செல்மா நகரைச் சேர்ந்த பெஞ்சமின் டர்னர் அடிமையாகப் பிறந்தவர். 1871இல் நாட்டின் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக அமர்ந்தார். அவருக்குப் பின் ஜேம்ஸ் ரேப்பியர், அவருக்குப் பின் ஜெரிமையா ஹரால்சன். ஹரால்சனின் பதவிக்காலம் 1877இல் முடிந்தது. அதன்பின் அலபாமாவிலிருந்து அச்சபைக்கு மற்றொரு கறுப்பினத்தவர் சென்றது 1993ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலம் நூற்றுப் பதினாறு ஆண்டுகள். ஏறத்தாழ நான்கு தலைமுறை.

எண்ணப்பட்டவரும் எண்ணப்படாதவரும்

இந்த நீண்ட இடைவெளிக்கு அடித்தளம் இட்டது 1901ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பு. மாண்ட்கோமரி நகரில் கூடிய அரசமைப்பு மாநாட்டின் தலைவர் ஜான் நாக்ஸ், வெள்ளையர் மேலாண்மையைச் சட்ட வழியில் நிலைநாட்டுவதே நோக்கம் என்பதை ஒளிக்காமல் கூறினார். எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, தலைவரி என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தடைகள் எழுந்தன. தலைவரி ஆண்டுக்கு ஒன்றரை டாலர். கட்டாத ஆண்டுகளின் பாக்கி சேர்ந்துகொண்டே போய் 36 டாலர் வரை ஏறும். பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழுபவனுக்கு அது எட்டாத தொகை. மாநிலத்தில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின ஆடவர் வாக்களிக்கும் வயதில் இருந்தனர். புதிய அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபின் வாக்காளர் பட்டியலில் எஞ்சியோர் 3,000க்கும் குறைவு. ஏழை வெள்ளையர் பல்லாயிரவரும் அதே தலைவரியால் வெளியே தள்ளப்பட்டனர் என்பதையும் மறத்தலாகாது.

இங்கேதான் தொகுதிக் கணக்கின் நுட்பம் வெளிப்படுகிறது. சட்டமன்ற இடங்கள் வாக்காளர் எண்ணிக்கையைக் கொண்டு பிரிக்கப்படவில்லை. மக்கள்தொகையைக் கொண்டே பிரிக்கப்பட்டன. கரிசல் நிலத்துக் கறுப்பின உழவர் மக்கள்தொகைக் கணக்கில் ஒரு தலையாக எண்ணப்பட்டார். அந்தத் தலைகளைக் காட்டிக் கவுண்டிக்கு இடங்கள் பெறப்பட்டன. ஆனால் அவ்விடத்தில் அமர்வது யார் என்று சொல்ல அவருக்கு வாக்கு இல்லை. ஒருவருடைய உடல் கணக்கில் வந்தது. குரல் கணக்கில் வரவில்லை. பண்ணை உரிமையாளர்களான சிறு கூட்டத்தார், தமக்கு வாக்களிக்க முடியாதவர்களின் எண்ணிக்கையையே தம் பலமாக்கிக்கொண்டு மாநிலத்தை ஆண்டனர்.

காலம் மாறியது. இரும்பும் நிலக்கரியும் பர்மிங்காம் நகரை வளர்த்தன. துறைமுகம் மொபீல் நகரை வளர்த்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பின்படி இடங்களைத் திருத்தி அமைக்க வேண்டும் என்று 1901ஆம் ஆண்டின் அரசமைப்பே விதித்திருந்தது. 1910இல் கணக்கெடுத்தார்கள்; 1920இல் எடுத்தார்கள்; 1930, 1940, 1950, 1960 எனத் தொடர்ந்து எடுத்தார்கள். சட்டமன்றம் ஒருமுறையும் இடங்களைத் திருத்தவில்லை. திருத்த வேண்டியவர்கள், திருத்தினால் தம் இடத்தை இழக்கப் போகிறவர்கள். எந்தக் கை கோட்டைக் கிழித்ததோ அந்தக் கையிடமே அதை அழிக்கும் அதிகாரமும் இருந்தால், அக்கோடு அழியாது.

அறுபது ஆண்டுகளில் விளைந்த கோணலை 1960ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு காட்டியது. பர்மிங்காம் அடங்கிய ஜெபர்சன் கவுண்டியின் மக்கள்தொகை 6,34,864. மாநில மேலவையில் அதற்கு ஒரே உறுப்பினர். கரிசல் நிலத்து லவுண்ட்ஸ் கவுண்டியின் மக்கள்தொகை 15,417; அதற்கும் ஓர் உறுப்பினர். ஒன்றுக்கு நாற்பத்தொன்று என்பது விகிதம். கீழவையில், 13,462 பேர் வாழ்ந்த புல்லாக் கவுண்டிக்கு இரண்டு உறுப்பினர். 3,14,301 பேர் வாழ்ந்த மொபீல் கவுண்டிக்கு மூவர். மாநில மக்களில் நான்கில் ஒரு பங்கினர் வாழும் பகுதிகளே இரு அவைகளிலும் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுக்கப் போதுமானவையாக இருந்தன.

நாடாளுமன்றத் தொகுதிகளின் கதை வேறொரு வகையில் விந்தையானது. 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பினால் பிரதிநிதிகள் சபையில் அலபாமாவின் இடங்கள் ஒன்பதிலிருந்து எட்டாகக் குறைந்தன. எந்தத் தொகுதியைக் கலைப்பது என்பதில் சட்டமன்றத்தாரால் உடன்பட முடியவில்லை. ஆகவே 1962இல், பழைய ஒன்பது தொகுதிகளிலும் ஒவ்வொரு வேட்பாளரைத் தெரிந்து, அவ்வொன்பதின்மரையும் மாநிலம் முழுவதும் போட்டியிடச் செய்து, கடைசியாக வந்தவரைக் கழித்துவிட்டார்கள். அவ்வாறு கழிந்தவர், 1935 முதல் உறுப்பினராக இருந்த மொபீல் நகரத்து பிராங்க் பாய்க்கின்.

இருபத்தெட்டுப் பக்க உருவம்

திருத்தாமல் விடுவது ஒரு வழி. வேண்டுமென்றே திருத்துவது மற்றொரு வழி. இரண்டாவது வழிக்கு டஸ்கீகி நகரம் சான்று.

மேக்கன் கவுண்டியில் உள்ள டஸ்கீகி, கறுப்பின மக்களின் கல்வி வரலாற்றில் தலையாய இடம் பெற்ற ஊர். புக்கர் வாஷிங்டன் 1881இல் வளர்க்கத் தொடங்கிய கல்வி நிலையம் அங்கே இருந்தது. பேராசிரியர்கள், மருத்துவமனை ஊழியர்கள், வணிகர்கள் என்று கற்றோர் நிறைந்த ஊரில் எழுத்தறிவுத் தேர்வு வைத்து எத்தனை பேரைத்தான் தள்ள முடியும்? மெல்ல மெல்லக் கறுப்பின வாக்காளர் தொகை நானூறை எட்டியது. 1957இல், சாம் எங்கல்கார்ட் என்ற மேலவை உறுப்பினர் கொண்டுவந்த சட்டத்தால் நகரின் எல்லை மாற்றப்பட்டது. சதுரமாக இருந்த ஊர் இருபத்தெட்டுப் பக்கங்கள் கொண்ட உருவமாயிற்று. நான்கைந்து பேர் நீங்கலாகக் கறுப்பின வாக்காளர் அனைவரும் ஊருக்கு வெளியே நின்றனர். வெள்ளை வாக்காளர் ஒருவரும் வெளியேறவில்லை. அந்தக் கல்வி நிலையமே ஊருக்கு வெளியே போய்விட்டது. யாரும் வீடு மாறவில்லை. ஊர்தான் அவர்களைவிட்டு விலகிப் போயிற்று.

அவ்வூர்ப் பேராசிரியர் சார்லஸ் கோமில்லியன் தலைமையில் மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தனர், வழக்கும் தொடுத்தனர். மாண்ட்கோமரியின் இளம் வழக்கறிஞர் ப்ரெட் கிரே, பழைய எல்லையையும் புதிய எல்லையையும் காட்டும் வரைபடத்தோடு நீதிமன்றம் ஏறினார். மாவட்ட நீதிபதி பிராங்க் ஜான்சன், சட்டமன்றம் வகுத்த ஊரெல்லையில் தலையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று வழக்கைத் தள்ளினார். தேர்தல் தொகுதி என்பது நீதிமன்றம் புகக்கூடாத அரசியல் முட்புதர் என்பது 1946 முதல் உச்சநீதிமன்றத்தில் நிலவிய கருத்து. அக்கருத்தை எழுதியவர் நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர். 1960 நவம்பர் 14 அன்று டஸ்கீகி வழக்கில் தீர்ப்பு எழுதியவரும் அவரே. நிறம் பார்த்து வாக்குரிமையைப் பறிப்பதற்காக வரைந்த கோடு அரசமைப்புக்கு முரணானது என்று அவர் எழுதினார். நீதிபதிகள் ஒருமனதாக முடிவில் உடன்பட்டனர். 1961இல் ஊர் பழைய சதுரத்துக்குத் திரும்பியது.

மரங்களுக்கன்று, மக்களுக்கு

வாயில் சற்றே திறந்தது. 1962 மார்ச்சில், அண்டை மாநிலமான டென்னசியிலிருந்து வந்த வழக்கில், தொகுதி ஏற்றத்தாழ்வை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் கூறியது. அதற்கு முன்பே, 1961 ஆகஸ்டில், ஜெபர்சன் கவுண்டி வாக்காளர் சிலர் அலபாமாவின் சட்டமன்ற இடப்பங்கீட்டை எதிர்த்து வழக்குத் தொடுத்திருந்தனர். வழக்கு நெருக்கியதும், அறுபது ஆண்டுகள் அசையாத சட்டமன்றம் அவசர அவசரமாக இரண்டு திட்டங்களை இயற்றியது. அவற்றில் ஒன்று, 67 கவுண்டிகளுக்கும் மேலவையில் தலைக்கு ஒரு உறுப்பினர் என்பது. பார்வைக்குச் சமன், உண்மையில், மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானோர் மேலவையின் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுக்க அது வழிவகுத்திருக்கும். மூன்று நீதிபதிகள் கொண்ட மன்றம் அதனை ஏற்கவில்லை. அம்மூவரில் ஒருவர், டஸ்கீகி வழக்கை முன்பு தள்ளிய அதே பிராங்க் ஜான்சன்.

இவ்வழக்கை உச்சநீதிமன்றத்தில் வாதிட்டவர்களில் ஒருவர் பர்மிங்காம் நகரத்து வெள்ளை வழக்கறிஞர் சார்லஸ் மார்கன். 1963 செப்டம்பர் 15 அன்று அந்நகரத்துத் தேவாலயம் ஒன்றில் வெடிகுண்டு வைக்கப்பட்டு நான்கு கறுப்பினச் சிறுமியர் மாண்டனர். மறுநாள் தம் நகரத்து இளம் வணிகர் கூட்டத்தில் எழுந்த மார்கன், குண்டு வைத்தவன் எவன் என்று தேட வேண்டா, வாய்மூடி இருந்த நாம் எல்லோரும் அதற்குப் பொறுப்பு என்ற பொருள்படப் பேசினார். அப்பேச்சுக்குப் பின் அவரால் அந்நகரில் வாழ இயலவில்லை. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 13 அன்று, தாம் விட்டு வந்த நகரத்து மக்களின் வாக்குக்குச் சம மதிப்புக் கேட்டு அவர் உச்சநீதிமன்றத்தில் நின்றார்.

1964 ஜூன் 15 அன்று தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதியதன் சாரம் இது: சட்டமன்ற உறுப்பினர் மக்களுக்குப் பிரதிநிதியே அன்றி மரங்களுக்கோ நிலப்பரப்புக்கோ பிரதிநிதி அல்லர், ஆகவே மாநில அவை இரண்டிலும் தொகுதிகள் மக்கள்தொகையில் இயன்றவரை சமமாக அமைய வேண்டும். நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு இதையொத்த விதியை அதே ஆண்டு பிப்ரவரியில் ஜார்ஜியா மாநில வழக்கில் நீதிமன்றம் வகுத்திருந்தது. எட்டு நீதிபதிகள் முடிவை ஏற்றனர். ஹார்லன் ஒருவர் மறுத்தார். மாநிலங்கள் தம் அவையை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை நீதிமன்றம் கையில் எடுத்தால், மக்களாட்சியின் ஒவ்வொரு குறைக்கும் மக்கள் நீதிமன்றத்தையே நாடுவர் என்ற அவர் அச்சம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் அலபாமா மக்களுக்குத் தம் சட்டமன்றத்தின் வழியே தீர்வு தேட வழி இருந்ததா? அறுபது ஆண்டுகள் அதற்கு விடை சொல்லிவிட்டன.

லவுண்ட்ஸ் கவுண்டியின் சாலை

தொகுதி சமமாவது ஒன்று. அத்தொகுதியில் வாக்களிக்க முடிவது மற்றொன்று. ஜெபர்சன் கவுண்டியோடு ஒரே தட்டில் வைக்கப்பட்டிருந்த லவுண்ட்ஸ் கவுண்டியில், மக்களில் பத்தில் எட்டுப் பேர் கறுப்பினத்தவர். 1965 தொடங்கியபோது அவர்களுள் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை.

செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்குச் செல்லும் 80ஆம் எண் நெடுஞ்சாலை இக்கவுண்டியின் ஊடே செல்கிறது. 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டுப் புறப்பட்டவர்கள் செல்மாப் பாலத்தருகே அடித்து விரட்டப்பட்டனர். அந்நடைப்பயணத்தை அனுமதித்து ஆணையிட்டவரும் நீதிபதி ஜான்சனே. லவுண்ட்ஸ் கவுண்டியில் சாலை குறுகி இரு தடமாவதால், அப்பகுதியில் முந்நூறு பேர் மட்டுமே நடக்கலாம் என்று ஆணை கூறியது. பயணம் நிறைவுற்ற மார்ச் 25 அன்று இரவு, நடந்தவர்களைத் தம் காரில் கொண்டுவிட்டு உதவிய வயோலா லியுசோ என்ற பெண்மணி அதே கவுண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார்.

பெயரைப் பதிந்த குத்தகை உழவர் பலர் நிலத்திலிருந்தும் குடிசையிலிருந்தும் வெளியேற்றப்பட்டனர். நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் அடித்துத் தங்கினர். அவர்கள் தமக்கென ஒரு கட்சியைத் தொடங்கிக் கருஞ்சிறுத்தையைச் சின்னமாகக் கொண்டனர். 1966 தேர்தலில் அக்கட்சி வேட்பாளர் அனைவரும் தோற்றனர். 1970இல் அவர்களின் தலைவர் ஜான் ஹியூலெட் கவுண்டியின் ஷெரிப் ஆனார். அதே 1970இல் மாநிலக் கீழவைக்குக் கறுப்பினத்தவர் இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் அவர்களே முதல்வர். ஒருவர் தாமஸ் ரீட். மற்றவர், டஸ்கீகியின் வரைபடத்தோடு நீதிமன்றம் ஏறிய ப்ரெட் கிரே.

சமமான எண்ணிக்கை, சாய்ந்த கோடு

எண்ணிக்கை சமமானதும் கதை முடிந்துவிடவில்லை. சம எண்ணிக்கையுள்ள தொகுதிகளையும் வேண்டியவாறு வளைக்கலாம். 1812இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எல்பிரிட்ஜ் கெர்ரி ஆளுநராக இருந்தபோது வரைந்த தொகுதி ஒன்று பல்லியை ஒத்த சாலமாண்டர் வடிவில் இருந்ததால், அவர் பெயரையும் அதையும் ஒட்டிக் கேலிப் பெயர் இட்டனர்; அது இன்றுவரை வழங்குகிறது. இதில் இரு தந்திரம் உண்டு. எதிர்த்தரப்பாரைப் பல தொகுதிகளில் சிதறடிப்பது ஒன்று. ஒரே தொகுதியில் குவித்து மற்ற தொகுதிகளில் இல்லாமற் செய்வது மற்றொன்று.

1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பின் அலபாமாவின் நாடாளுமன்ற இடங்கள் ஏழாயின. கறுப்பின மக்கள் மாநிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இருந்தும், 1992 வரை ஒரு தொகுதியிலும் அவர்கள் விரும்பியவர் வெல்லும் நிலை அமையவில்லை. அவ்வாண்டு கரிசல் பட்டையின் மேற்குப் பகுதியையும் பர்மிங்காமின் ஒரு பகுதியையும் சேர்த்து ஏழாம் தொகுதி நீதிமன்றத்தின் வழி வரையப்பட்டது. ஏர்ல் ஹில்லியார்ட் வென்றார். கரிசல் பட்டையின் மற்றப் பகுதி அண்டைத் தொகுதிகளில் சிதறியே கிடந்தது.

2013இல் இம்மாநிலத்து ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில், 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் அனுமதி விதி உயிரிழந்தது. அதுவரை அலபாமா போன்ற மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. அத்தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். 2021இல் சட்டமன்றம் மீண்டும் ஒரே ஒரு கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதி கொண்ட வரைபடத்தை இயற்றியது. 2023 ஜூன் 8 அன்று, அவ்வரைபடம் வாக்குரிமைச் சட்டத்துக்கு மாறானது எனக் கண்ட கீழ்மன்றத்தின் முடிவை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உறுதிசெய்த தீர்ப்பை எழுதியவரும் அதே ராபர்ட்ஸ். சட்டமன்றம் மறுபடி வரைந்தது போதாது என்று கண்ட கீழ்மன்றம், வல்லுநர் ஒருவரைக் கொண்டு புதிய வரைபடம் வரையச் செய்தது. மொபீலின் ஒரு பகுதியிலிருந்து மாண்ட்கோமரியையும் டஸ்கீகியையும் தன்னுள் கொண்டு கிழக்கு எல்லை வரை நீண்டது புதிய இரண்டாம் தொகுதி. 2024 நவம்பரில் அங்கே ஷொமாரி பிகர்ஸ் வென்றார். ஏழாம் தொகுதியின் டெர்ரி சூவெலோடு சேர்த்து, கறுப்பினத்தவர் இருவர் ஒரே வேளையில் பிரதிநிதிகள் சபையில் அலபாமாவுக்காக அமர்ந்தது அதுவே முதன்முறை.

இதை வெற்றி முழக்கமாகக் கொள்ள வேண்டா. ஒரு நீதிமன்றம் வரைந்த கோட்டை மற்றொரு நீதிமன்றமோ சட்டமன்றமோ மாற்றலாம். ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பின்னும் வரைபடம் மீண்டும் மேசைக்கு வரும். நாம் நினைவிற்கொள்ள வேண்டியது வேறு. கோமில்லியனும் கிரேயும் மார்கனும், பெயர் பதிந்த குற்றத்துக்குக் கூடாரத்தில் குளிர்காய்ந்த லவுண்ட்ஸ் உழவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எங்களை இப்படித் தொகுத்தவர் யார்? அவருக்குத் தொகுக்கும் உரிமையைக் கொடுத்தவர் யார்? கூடலூர் கிழாரின் பெயரைப் பொறித்து வைத்த மொழியில் எழுதும் நமக்கு, அக்கேள்வி அயலானதன்று.